நாற்பத்தொரு கையெழுத்து

"அடுத்து நாலாம் நம்பர்" என்றார் சர்வேயர்.

நான் நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி. இரண்டு ஓட்டுநர்களும் என் குடும்பத்தைப் பற்றி உரக்க விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இப்பதான் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு வந்தேன். ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போனேன். மறுபடியும் அந்தப் பக்கமா? பத்தாம் நம்பர் வர்றதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும்!"

"அதேதான் ரேடியோ. அதைத்தான் நீ சொல்லணும்னு காத்திட்டிருந்தேன். இப்ப ஓரமா வா."

ரேடியோ என்பது நான்தான். வாய் மூடுவதில்லை என்பதால் அவர் வைத்த பெயர். அவர் பதினெட்டு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்துவிட்டு, மேலதிகாரியுடன் சண்டை போட்டு வெளியே வந்து, துப்பறியும் அலுவலகம் வைத்தவர். ஊருக்கு இன்னும் அவர் சர்வேயர்தான். நான் அவருடைய உதவியாளர்.

காலை ஒன்பதரைக்கு இந்த வட்டத்தின் கவுன்சிலரம்மா எங்களைக் கூப்பிட்டு, ஒரு மனுவின் நகலைக் கொடுத்து, இது நிஜமா, யார் வேலை என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார். "எங்கள் தெருவிலுள்ள நகரசபைக் குழந்தைகள் காப்பகம் எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. அதை மூடிவிட்டு அங்கே வாகன நிறுத்தம் கட்டித் தாருங்கள்." கீழே நாற்பத்தொரு பெயர், கதவு எண், கையெழுத்து. வீட்டுக்கு ஒருவர்.

மாலை மூன்று மணிக்கு நகரசபைக் கூட்டம். அடுத்த வருட நிதி காப்பகத்தின் கூரைக்கா, வாகன நிறுத்தத்துக்கா என்று ஓட்டெடுப்பு. கூரை இல்லையென்றால் காப்பகமும் இல்லை. சேர்மனுக்கு வாகன நிறுத்தம் வேண்டும். கவுன்சிலரம்மாவுக்குக் காப்பகம் வேண்டும்.

எனக்கும்தான் வேண்டும். அதே தெருவில் இருபத்தேழாம் நம்பரில் என் அக்கா குடியிருக்கிறாள். தையல் ஆலையில் வேலை. அத்தான் லாரியோடு போனால் பத்து நாள் வீட்டுப் பக்கம் வர மாட்டார். பிள்ளை காலை ஏழிலிருந்து அந்தக் காப்பகத்தில்தான். அது மூடினால் அக்கா மறுநாளே வேலையை விட வேண்டும். அதனால் அன்று எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"பாரு" என்று சர்வேயர் மனுவை நீட்டினார். "இந்தத் தெருவுல ஒத்தை நம்பர் எல்லாம் இடது பக்கம், ரெட்டை நம்பர் எல்லாம் வலது பக்கம். நடுவுல பஸ் ரோடு. வீடு வீடா ஏறி கையெழுத்து வாங்குறவன் எப்படிப் போவான்?"

"ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒரே பக்கமா."

"மனுவுல எப்படி இருக்கு?"

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐம்பது வரைக்கும் அப்படியே. நடுநடுவே ஒன்பது வீடுகள் மட்டும் இல்லை.

"உயிர் மேல ஆசை இருக்கிறவன் இப்படிக் கையெழுத்து வாங்கல சார்."

"வாங்கவே இல்ல. நாற்காலியில உக்காந்து, ஒரு பட்டியலைப் பாத்து எழுதியிருக்கான். அதுக்கும் மேல, முதல் பேரைப் பாரு."

முதல் பெயர் ஒன்றாம் நம்பர் பெரியவர். மூன்று முறை நகரசபை உறுப்பினராக இருந்தவர். போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நகரசபையே எழுந்து நின்று இரங்கல் தீர்மானம் போட்டது.

"ஆவி வந்து கையெழுத்துப் போட்டிருக்கு. அதுவும் முதல் ஆளா. அரசியல்வாதிக்குச் செத்த பிறகும் முன்வரிசை வேணும் போல."

சர்வேயர் சிரிக்கவில்லை. நகரசபை அலுவலகத்துக்கு விரைந்து நடந்தார். நகரசபை ஆணையரிடம் விஷயத்தைச் சொன்னார். வீட்டு நம்பர் வரிசையில் இருக்கும் பட்டியல் எதையோ பார்த்து எழுதிய பொய் மனு இது என்றார். அங்கேதான் அவர் வாயை மூடியிருக்க வேண்டும். அன்று மட்டும் நான் ரேடியோ இல்லை, அவர்.

"வீட்டு நம்பர் பட்டியல்னா வரிப் பிரிவுதான்" என்று ஆணையர் மணியை அடித்தார். "அந்தத் தெரு பில் கலெக்டரைக் கூப்பிடுங்க."

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணை என்று பெயர், கேள்வி இரண்டுதான். கூட்டம் முடிந்ததும் பில் கலெக்டருக்குத் தற்காலிகப் பணிநீக்கம், ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

அவர் வராந்தா பெஞ்சில் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்கதானே சார் சொன்னது? நான்தான் எழுதினேன்னு?"

"நான் அப்படிச் சொல்லல. ஒரு பட்டியல்னுதான்..." சர்வேயருக்குப் பேச்சு தடுமாறியது. நான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"என் புத்தகத்தைப் பாருங்க சார்." பையிலிருந்து ஒரு தடித்த வசூல் புத்தகத்தை எடுத்து விரித்தார். "ஒண்ணு, மூணு, அஞ்சு. நாப்பத்தொம்பது வரைக்கும் இடது பக்கம். அங்க தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு ரோட்டைத் தாண்டுவேன். ஐம்பதுலேர்ந்து இறங்குவேன். இருபது வருஷமா நடக்கிறேன். எங்க வரிப் பிரிவுல எந்தப் பட்டியலும் இப்படித்தான். தூக்கத்துல எழுதச் சொன்னாலும் எனக்கு ஒண்ணுக்கு அப்புறம் மூணுதான் வரும்."

சர்வேயர் புத்தகத்தையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் பதினாலாம் நம்பரில் நின்றது.

"இங்க யார் பேர் இருக்கு?"

"வீட்டுக்காரர் பேர் சார். அவர் வெளிநாட்டுல இருக்காரு. வரிக்கு ஓனர் பேர்தானே?"

"மனுவுல வேற பேர் இருக்கே?"

"அது வாடகைக்கு இருக்கிறவர். அவங்க பேரெல்லாம் எங்ககிட்ட இருக்காது."

சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே, உள்ளங்கையால், சத்தம் வர. உடனே உள்ளே ஆணையரிடம் போனார். திரும்பி வந்த முகம் தொங்கியிருந்தது.

"எழுதினது வேற யாருன்னு சொல்லுங்க, ஆர்டரை நிறுத்தறேங்கிறாரு."

"சொல்லிடலாம் சார். வாடகைக்காரர் பேரும் இருக்கணும், வீட்டு நம்பர் வரிசையிலயும் இருக்கணும், செத்தவர் பேரை இன்னும் அடிக்காமயும் இருக்கணும். வாக்காளர் பட்டியல்! தேர்தல்ல நின்ன எல்லார்கிட்டயும் ஒரு நகல் இருக்கும். சேர்மன்தான்! வாங்க, போய்ப் பிடிப்போம்."

"இருபத்திரெண்டு உறுப்பினர்கள்கிட்டயும் இருக்கு. சேர்மன்னு எதை வெச்சுச் சொல்ற?"

"அவர் மூஞ்சியை வெச்சு."

"ஒருத்தர் வேலையை நான் வாயால கெடுத்தாச்சு. இன்னொருத்தரை நீ மூஞ்சியால கெடுக்காதே. தெருவுக்கு வா. வீடு வீடா கேட்போம்."

மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றாம் நம்பரில் பெரியவரின் மனைவி கதவைத் திறந்தார். மனுவை எட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இவர் போட்டதா? உயிரோட இருந்தப்பவே நான் காட்டின இடத்துலதான் போடுவார். போன பிறகு தானாப் போட்டுட்டாராமா?" அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் நெருப்பு. "பேனா கொடு பொண்ணே. இவர் போடலன்னு எழுது. காப்பகம் இருக்கட்டும்னும் எழுது. நான் போடறேன் கையெழுத்து."

என் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். போட்டார். மூன்றாம் நம்பர்க்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் போட்டார். ஐந்தில் மாமியார் போட வந்தார், மருமகள் பிடுங்கிப் போட்டாள். யாருமே அந்த மனுவைக் கண்ணால் கண்டதில்லை. எல்லாருக்கும் கோபம். சிலருக்குக் காப்பகம் இருப்பதே தெரியவில்லை, ஆனாலும் தன் பெயரை இன்னொருவன் எழுதினான் என்றதும் பொங்கிவிட்டார்கள். பதினேழில் மட்டும் ஒருவர், "பிள்ளைங்க சத்தம் ஜாஸ்திதான்" என்று இழுத்தார். அப்புறம், "அதுக்காக மூடச் சொல்வேனா?" என்று பேனாவை வாங்கினார்.

இருபத்தேழில் அக்கா மதிய இடைவேளைக்கு ஓடி வந்திருந்தாள். கையில் தட்டு, காலில் இன்னும் செருப்பு.

"என்னடீ ஆச்சு? மூடறாங்களா? சொல்லித் தொலை."

"இன்னும் இல்லக்கா. மூணு மணிக்குத்தான்."

"சூப்பர்வைசர் இன்னிக்கே கேட்டுட்டாங்க, அடுத்த மாசம் வருவியா மாட்டியான்னு. நான் என்னன்னு சொல்ல? பிள்ளையை இடுப்புல கட்டிட்டு மிஷின்ல உக்காரவா?" தட்டைக் கீழே வைத்துவிட்டாள். சாப்பிடவில்லை.

சர்வேயர் மனுவைப் புரட்டினார். "இந்த வீட்டு நம்பர் இதுல இல்லையே."

"போடலன்னா இல்லாமத்தானே இருக்கும்?" என்றாள் அக்கா.

"யாருமே போடலம்மா. ஆனாலும் நாப்பத்தொரு வீடு இருக்கு. உங்க வீடு இல்ல." கொஞ்சம் யோசித்தார். "தப்பா நினைக்காதீங்க. போன தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"சார்! அதையெல்லாம் கேக்கலாமா?" என்றேன்.

"கேட்டா என்ன? கவுன்சிலரம்மாவுக்குத்தான். வாசல்லயே சொன்னேனே. அவங்களும் சந்தோஷமா பட்டியல்ல பென்சில்ல டிக் அடிச்சிட்டுப் போனாங்க."

அதற்குப் பிறகு சர்வேயர் மனுவில் விடுபட்ட ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டார். நான் கையெழுத்து வாங்கினேன், அவர் ஓட்டு விசாரித்தார். நாற்பத்தொன்பதில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அப்போதுதான் பில் கலெக்டர் ஞாபகம் வந்து, நோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீரைச் சிந்திவிட்டேன். சாலையைத் தாண்டி, ஐம்பதிலிருந்து இறங்கி வந்தோம்.

எட்டாம் நம்பர் மாடியில் ஒரு அம்மாள். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. மனுவில் தன் பெயரைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"என் தம்பிதான் சேர்மன், தெரியுமா?"

நான் நோட்டை மூடப் போனேன். "தெரியாதும்மா."

"சேர்மன் ஆனதுலேர்ந்து இந்தத் தெருப் பக்கமே வரல. வண்டி நிறுத்த இடம் இல்லையாம். அதுக்காக இடம் கட்டறானா?" கீழே எங்கோ பிள்ளைகள் கூச்சல் போட்டன. காதைக் கொடுத்துக் கேட்டார். "பகல் பூரா இந்த வீட்டுல நான் ஒருத்திதான். அந்தச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. கொடு அந்த நோட்டை." கையெழுத்துப் போட்டு, கீழே இன்னும் ஏதோ எழுதினார். படிக்க எனக்கு நேரமில்லை.

மணி இரண்டு பத்து. இரண்டு வீடு பூட்டு. மீதி நாற்பத்தெட்டு வீட்டிலும் கையெழுத்து.

"இப்ப சேர்மன்கிட்டதானே?" என்றேன்.

"இல்ல. நம்மைக் கூப்பிட்டவங்ககிட்ட."

கவுன்சிலரம்மாவின் அலுவலகம் ஒரே அறை. முன்பு அதே அறையில் தையற்கடை வைத்திருந்தார், மிஷின் இன்னும் மூலையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பிடிச்சிட்டீங்களா சார்? சேர்மன் ஆளுங்கதானே?"

"சொல்றேன்மா. உங்க வாக்காளர் பட்டியலைக் கொஞ்சம் பாக்கலாமா?"

அந்த அம்மாவின் கை மேசையில் அப்படியே நின்றது. அலமாரியிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தார். சர்வேயர் விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சில வீடுகளுக்கு எதிரே டிக், பல வீடுகளுக்குப் பெருக்கல் குறி, சிலவற்றுக்குக் கேள்விக்குறி. மனுவைப் பக்கத்தில் வைத்தார்.

"டிக் அடிச்ச வீடு ஒம்பது. மனுவுல இல்லாத வீடும் ஒம்பது. அதே ஒம்பது."

நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"சேர்மன் ஆளுங்க எழுதியிருந்தா உங்களுக்கு ஓட்டுப் போட்ட வீட்டைத்தான் முதல்ல எழுதியிருப்பாங்க. உங்க ஆளுங்களே உங்களுக்கு எதிரா இருக்காங்கன்னு காட்ட அதைவிட வேற வழி இல்ல. இதை எழுதினவங்களுக்கு அந்த ஒம்பது வீட்டை எழுத மனசு வரல."

"எப்படி சார் வரும்?" கவுன்சிலரம்மாவின் குரல் உடைந்தது. "என்னை நம்பி ஓட்டுப் போட்டவங்க. அவங்க பேர்ல பொய்க் கையெழுத்துப் போடுவேனா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முதல் பேரா செத்தவரைப் போட்டீங்க. அவருக்கு இரங்கல் தீர்மானத்தை முன்மொழிஞ்சதே நீங்கதான். மறந்து போட்டதில்ல. கண்டுபிடிக்கணும்னே எழுதின மனு இது" என்றார் சர்வேயர்.

"எங்க பக்கம் ஒம்பது ஓட்டு, அவங்க பக்கம் பன்னெண்டு. பொய் மனு சேர்மன் ஆளுங்க வேலைன்னு வெளிய வந்தா ரெண்டு பேராவது வெக்கப்பட்டு இந்தப் பக்கம் வருவாங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். காப்பகத்துல நாப்பத்திரெண்டு பிள்ளைங்க சார். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா மேலா, என் மேலா என்று தெரியவில்லை. ஏனென்றால் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நானும் நினைத்தேன். அக்கா சாப்பிடாமல் வைத்த தட்டு கண் முன்னால் நின்றது.

"அங்க ஒரு மனுஷன் பெஞ்சுல உக்காந்திருக்காரு" என்றேன். "செருப்பு தேய நடந்தவரு. உங்க மனுவால அவர் வேலை போகுது. தெரியுமா?"

"பில் கலெக்டரா? அவர் எப்படி... ஐயோ! நான் அவரை நினைக்கவே இல்லையே!"

"நினைச்சிருக்க மாட்டீங்க. அவர் ஓட்டு இன்னொரு வட்டத்துல இருக்கும்."

"ரேடியோ" என்றார் சர்வேயர். ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

என் நோட்டை எடுத்து மேசையில் போட்டேன். "இந்தாங்க. நாப்பத்தெட்டு. எல்லாம் நிஜம். நீங்க பெருக்கல் குறி போட்ட வீட்டுலயும் போட்டிருக்காங்க. ரெண்டு மணி நேரம் நடந்தோம், அவ்வளவுதான். உங்களுக்குக் கேக்கத் தோணல."

அந்த அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெருக்கல் குறி வீடுகளின் கையெழுத்து மேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். மணி இரண்டரை. வெளியே யாரோ வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையைச் சொன்னா என் பதவி போயிடும்" என்றார்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். நடந்தார்.

கூட்டத்தில் பொதுமக்களுக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு. நான் உட்காரவில்லை. கவுன்சிலரம்மா எழுந்து, "அந்த மனுவை நான்தான் எழுதினேன்" என்றதும் மண்டபம் சந்தைக்கடை ஆனது. சேர்மன் மேசையைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோனார்.

"அது பொய்யுன்னா இந்த நோட்டு மட்டும் நிஜமா? இதையும் நீங்களே எழுதியிருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. சர்வேயர் கண்ணாடியைத் தட்டினார், யாரும் திரும்பவில்லை. ஆணையர்தான் யோசித்து, வராந்தாவுக்கு ஆள் அனுப்பினார். பில் கலெக்டர் உள்ளே வந்தார். நோட்டைக் கையில் வாங்கி, நின்றபடியே புரட்டினார்.

"ஐயா, இது நடந்து வாங்கினது. ஒண்ணு, மூணு, அஞ்சு. நாப்பத்தொம்பதுல காகிதம் நனைஞ்சிருக்கு, அங்க தண்ணி குடிச்சிருக்காங்க. அப்புறம் ஐம்பது, நாப்பத்தெட்டு. முப்பத்தாறும் இருபதும் இல்ல. அந்த ரெண்டு வீடும் பகல்ல எப்பவும் பூட்டுதான்." நோட்டை மூடினார். "உக்காந்து எழுதினா இதெல்லாம் வராதுங்கய்யா."

சேர்மன் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டெடுப்பு. கவுன்சிலரம்மாவை ஓட்டுப் போட விடவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டே காப்பகத்துக்குக் கை தூக்கினார்கள். பக்கத்துக்குப் பத்து. சமமாக வந்தால் சேர்மன் ஓட்டுத்தான் முடிவு.

சர்வேயர் கண்ணாடித் தடுப்பின் நீளத்தை அடி எண்ணி நடந்துகொண்டிருந்தார். சேர்மன் நோட்டை மறுபடி திறந்தார், மூடினார். யாரையும் பார்க்கவில்லை.

"காப்பகம்" என்றார் எரிச்சலோடு. "அடுத்த பொருளுக்குப் போங்க."

பிறகு நோட்டைத் திருப்பி வாங்கியபோதுதான் எட்டாம் நம்பரைப் படித்தேன். கையெழுத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: "தம்பி, இதை மூடினால் என் வாசல்படி மிதிக்காதே. அக்கா."

வராந்தாவில் டைப் அடித்த ஆர்டரை ஆணையர் கிழித்துக் கூடையில் போட்டார். கவுன்சிலரம்மா மேல் விசாரணை என்று வேறொரு காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பில் கலெக்டருக்கு முன்னால் போய் நின்று என்னவோ சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிச்ச வசூலுக்குக் கிளம்பினார்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். முதலில் அழுதாள். அப்புறம் மனுவை எழுதியது யார் என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கவுன்சிலரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க அக்கா வீடு இருபத்தேழுதானே? என்ன சொன்னா?"

"நாளைக்கும் பிள்ளையை அங்கதான் விடுவாளாம்."

"அது சரி. என்னைப் பத்தி?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது நடப்பது அபூர்வம்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். இருபத்தேழின் எதிரே இருந்த டிக்கை ரப்பரால் அழித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.